ஃப்ரெடிக்கு ஒரு மாலை: வாசகர் கேள்விகள்

நவம்பர் 24, குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் நினைவு நாள். 1991இல் லண்டனில் அவர் இறந்தபோது வயது 45தான். அந்த நாளை குவீன் குழுவின் பாடல்களோடு ஒரு மாலை நிகழ்ச்சியாக நடத்த விரும்பி, பாடுகிறவர்கள், கிடார் வாசிக்கிறவர்கள், மைக் செட் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். வந்த கேள்விகளில் சில:

‘போஹீமியன் ராப்சடி’யை முழுசாக மேடையில் பாடிவிட வேண்டும் என்பது எங்கள் ஐந்து பேர் குழுவின் ஆசை. நடுவில் வரும் ஓபரா பகுதியிடம் மூன்று மாதமாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறோம். என்னதான் வழி, சார்?

பாடாமல் விடுவதுதான் வழி. கோபப்படாதீர்கள். அந்தப் பகுதியை குவீன் குழுவே மேடையில் பாடவில்லை. ஓபரா பகுதி தொடங்கும்போது நால்வரும் மேடையை விட்டுப் போய்விடுவார்கள். இருட்டில் ஒலிப்பதிவு ஓடும், விளக்குகள் மட்டும் ஆடும். அது முடிந்து ராக் பகுதி வெடிக்கும் இடத்தில் புகையும் வெளிச்சமுமாகத் திரும்பி வருவார்கள். தொடக்கத்தில் வாத்தியமில்லாமல் வரும் சேர்ந்திசையைக்கூடப் பெரும்பாலும் தாண்டிவிட்டு, பியானோவிலிருந்துதான் தொடங்கினார்கள். ஒலித்தட்டில் அந்த முகப்பு ஐந்து குரல் அடுக்கு. ஐந்தும் ஃப்ரெடியின் குரலே. வீடியோவில் நால்வரும் வாயசைப்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

1975இல் அந்த ஓபரா பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று வாரம் பிடித்தது. 24 தடங்கள் கொண்ட டேப்பில் ஃப்ரெடி, கிடார் வாசிக்கும் பிரையன் மே, டிரம்மர் ரோஜர் டெய்லர் மூவரும் பாடிப் பாடி அடுக்கினார்கள். தடங்கள் தீர்ந்ததும் அவற்றைச் சுருக்கி வேறு தடத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி பாடினார்கள். அடுக்குகள் 180 வரை போனதாகச் சொல்வார்கள். பதிவுக் கருவியின் தலையில் உரசி உரசி டேப்பின் காந்தப் பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்ததாம். அதை ஐந்து பேர், ஐந்து மைக்கில், ஒரே மூச்சில் கொண்டுவர முடியாமல் போவது உங்கள் குறை இல்லை.

நீங்களும் ஒலிப்பதிவைத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் அது உங்கள் குழு பாடிப் பதிந்ததாக இருக்கட்டும். ஸ்டீரியோ கோப்பில் ஒரு பக்கம் பாட்டு, மறு பக்கம் டிரம்மருக்கான கிளிக், அதாவது வேகம் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி. கிளிக் அவர் காதுக்கு மட்டும் போக வேண்டும். ஓபரா முடிவதற்கு இரண்டு சுற்று முன்பே ராக் பகுதியின் வேகத்தில் எண்ணிக்கை கிளிக்கில் வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கிடார் ஒரு அடி தாமதமாகத்தான் விழும்.

கெடுகிற இடம் எப்போதும் இரண்டுதான். வயரை மாற்றிச் செருகி, ‘டிக் டிக்’ சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்பது ஒன்று. ஒலிப்பதிவு ஓடும் கைபேசிக்கு அழைப்பு வருவது இன்னொன்று. ஃப்ளைட் மோடில் போடுங்கள். இரண்டாவது கருவி ஒன்றைத் தயாராக வையுங்கள். பாடகருக்காக முதல் பாதியில் சுருதியை இறக்கினால் ஒலிப்பதிவையும் அதே அளவு இறக்கித்தான் பதிய வேண்டும். இதை மறந்துவிட்டு மேடையில் முழித்த குழுக்கள் ஏராளம்.

அப்படி நாங்களே பதிவு செய்வதென்றால், மூன்றே பேரின் குரல் ஒரு பெரிய கூட்டமாகக் கேட்க எப்படி அடுக்குவது?

குவீனில் மூன்று குரலுக்கும் மூன்று குணம். மேயுடையது அடியில் கதகதப்பாக நிற்கும், ஃப்ரெடியுடையது நடுவில் கூர்மையாக வரும், டெய்லருடையது மேலே கண்ணாடிபோலச் சிதறும். ஓபரா பகுதியின் உச்சியில் கேட்கும் அந்தக் கீச்சுக் குரல் டிரம்மர் டெய்லருடையது. ஃப்ரெடி என்று நினைத்து, அவரைப்போலப் பாடுகிறவர்கள் அதைப் பிடிக்கப் போய்த் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் மூவரில் யார் எந்த வரிசைக்கு என்று பிரிக்காதீர்கள். கீழ், நடு, மேல் என்று மூன்று ஸ்வர வரிசை இருந்தால் மூன்றையும் மூவரும் பாடுங்கள். எட்டாதவர் கள்ளக்குரலில் பாடட்டும், கணக்கில் சேரும். ஒவ்வொன்றையும் நாலு முறை பதிந்தால் 36 குரல் ஆகிவிடும். ஒரே பதிவை நகலெடுத்து ஒட்டினால் கூட்டம் வராது, சத்தம்தான் கூடும். நாலு முறை பாடும்போது ஒவ்வொன்றும் மயிரிழை வேறுபடுகிறதே, அந்த வேறுபாடுதான் தடிமன் தருகிறது. அதனால்தான் சுருதி திருத்தும் மென்பொருளை 36 தடத்திலும் போட்டால் எல்லாம் சமமாகி, கூட்டம் சுருங்கி ஒரு கீபோர்டு ஒலியாகிவிடுகிறது. தவறாகப் பாடியதை மறுபடி பாடுங்கள், திருத்த வேண்டாம்.

முதல் தடவைக்கு மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம். இரண்டாவதற்கு ஓர் அடி பின்னே, மூன்றாவதற்கு மூன்றடி. கமகம், அசைவு எதுவும் வேண்டாம். ஸ்வரம் கம்பிபோல நேராக நிற்கட்டும். சொல்லின் முடிவில் வரும் ‘ஸ்’, ‘ட்’ ஒலிகளை ஒரே ஒருவர் மட்டும் உச்சரித்தால் போதும், மற்றவர்கள் விழுங்கிவிடுங்கள். இல்லையென்றால் 36 ‘ஸ்’ ஒன்றன் பின் ஒன்றாகச் சரம் வெடிப்பதுபோல வரும். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வது பாடுகிறவருக்கு வசதிதான். ஆனால் திறந்த பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து கிளிக் கசிந்து மைக்கில் ஏறும், அமைதியான இடத்தில் அம்பலமாகும். அந்தப் பக்கத்தை அணைத்துவிடுங்கள் அல்லது கன்னத்தோடு அழுத்திக்கொள்ளுங்கள். கலவையில் ஒவ்வொரு தடத்திலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஒரு தடத்தில் கேட்காத முனகல் 36 தடத்தில் இடியாகிவிடும்.

ஃப்ரெடிக்கு நாலு ஸ்தாயி குரல் என்கிறார்கள். எனக்கு இரண்டு ஸ்தாயியே தடுமாற்றம். ‘வீ ஆர் தி சாம்பியன்ஸ்’ பல்லவியில் குரல் கிழிகிறது. தினமும் சாதகம் செய்தால் எட்டுமா?

நாலு ஸ்தாயிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2016இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அவருடைய பதிவுகளை அளந்து வெளியிட்ட கட்டுரையில், எஃப் ஷார்ப் 2 முதல் ஜி5 வரை (எழுத்து சுரத்தையும் எண் ஸ்தாயியையும் குறிக்கும்), அதாவது 37 அரைச் சுரங்கள் இருந்தன. ஸ்தாயிக்கு 12 என்பதால், மூன்று ஸ்தாயிக்கு ஒரு அரைச் சுரம் அதிகம், அவ்வளவுதான். பேச்சுக் குரலோ 117 ஹெர்ட்ஸ் பக்கம். பாரிடோன், அதாவது நடுத்தர உயரக் குரலுள்ள ஆண்களின் சாதாரணக் குரல். அவரைத் தனித்துக் காட்டியது உயரம் இல்லை. குரல் அசைவின் வேகம் நொடிக்கு 7 பக்கம் இருந்தது, வழக்கமான பாடகர்களைவிடத் துடிப்பு அதிகம். கரகரப்பான இடங்களில் உண்மையான குரல் நாண்களோடு அவற்றுக்கு மேலே இருக்கும் பொய் நாண்களும் சேர்ந்து அதிர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் ஊகம். அந்தக் கரகரப்பைப் பழக்கமில்லாதவர்கள் தொண்டையை நெரித்து வரவழைக்க முயல்வது ஆபத்து. தாடையை ஆட்டி அசைவு கொடுப்பது வேடிக்கையாக மட்டுமே இருக்கும்.

எட்டுமா என்பதைவிட எட்ட வேண்டுமா என்று கேளுங்கள். ஒலித்தட்டில் சி5 வரை ஏறிய பல்லவியை மேடையில் ஃப்ரெடியே பல இரவுகளில் கீழே மடக்கிப் பாடியிருக்கிறார். அவர் குரல் நாணில் கொப்புளம்போன்ற முடிச்சுகள் இருந்தன. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று தவிர்த்தார், சிகரெட்டையும் விடவில்லை. மேடையில் மேல் ஸ்வரங்களை டெய்லர் வாங்கிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். ரசிகர்கள் அதைக் குறையாக எண்ணியதில்லை.

சுருதி கண்டுபிடிக்க எளிய வழி: கீபோர்டில் ஒரு ஸ்வரத்தை அழுத்தி, நெஞ்சுக் குரலில் நாலு நொடி பிடியுங்கள். இப்படிப் பத்து முறை, நடுவில் இருமாமல். அப்படிப் பிடிக்க முடிகிற மிக உயர்ந்த ஸ்வரம்தான் உங்கள் கூரை. அது ஏ4 என்றால் பாட்டின் சி5ஐ மூன்று அரைச் சுரம் இறக்க வேண்டும். பல்லவி எஃப் மேஜரிலிருந்து டி மேஜருக்கு, நம் கணக்கில் நாலு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு வரும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை மைனஸ் 3இல் வைத்தால் போதும். கிடார் கம்பிகளை மட்டும் அவ்வளவு தளர்த்தாதீர்கள், தொளதொளத்துப் போகும். வேறு பிடியில் வாசிக்கச் சொல்லுங்கள். குரல் கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள், சாதகத்தை நிறுத்திவிட்டு.

அவர் பற்கள்?

மேல் தாடையின் பின்புறம் நாலு பற்கள் கூடுதலாக இருந்தன. அவை முன்பற்களை வெளியே தள்ளின. சரி செய்தால் குரல் மாறிவிடும் என்று பயந்து கைவைக்கவில்லை. குரலுக்கு அவை உதவியதாக அவர் நம்பினார் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். மேடைக்குப் பொய்ப்பல் மாட்டிக்கொண்டு வர நினைக்கிறவர்களுக்கு: ‘ஸ்’ எல்லாம் ‘ஷ்’ ஆகும்.

400 பேர் அமரும் அரங்கம். ‘வீ வில் ராக் யூ’வுக்கு எல்லோரையும் மிதிக்கவும் கைதட்டவும் வைக்கப் போகிறோம். ஒத்திகையில் 30 பேரோடு அருமையாக வந்தது. 400 பேரோடு கஞ்சிபோல ஆகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயமுறுத்தியவருக்கு அனுபவம் இருக்கிறது. தாளம் எளிது: நாலு மாத்திரையில் இரண்டு மிதி, ஒரு கைதட்டு, ஒரு மாத்திரை கார்வை. வேகம் நிமிடத்துக்கு 81 அடிகள் பக்கம், ஓர் அடிக்கு இரண்டு மாத்திரை என்பதால் அந்தக் கார்வை முக்கால் நொடியில் பாதி, 0.37 நொடிதான். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் முன்வரிசையின் தட்டலை 0.09 நொடி தாமதமாகக் கேட்டு, அதற்கு ஏற்பத் தட்டுவார். அது மேடைக்குத் திரும்பி வரும்போது 0.18 நொடி ஆகியிருக்கும். கார்வையில் பாதி காலி. மேடையில் இருப்பவர் பின்வரிசையைக் கேட்டு மெதுவாக்க, அவர்கள் இன்னும் மெதுவாக்க, பாட்டு தரையில் உட்கார்ந்துவிடும்.

காதை நம்பாமல் கண்ணை நம்பச் செய்யுங்கள். ஒருவர் மேடை விளிம்பில் நின்று, கைதட்டுக்குக் கையைத் தலைக்கு மேலே முழுதாக உயர்த்திக் காட்டட்டும். கார்வையில் கை விரிந்து அப்படியே நிற்க வேண்டும்; கூட்டம் வேகமெடுப்பது எப்போதும் கார்வையைத் தின்றுதான். டிரம்மர் காதில் கிளிக் ஓடட்டும், கூட்டத்தைப் பின்தொடரவே கூடாது. சிமெண்ட் தரையில் மிதித்தால் சத்தமே வராது, கால்தான் வலிக்கும். மேடையில் மரப்பலகை மேல் எட்டுப் பேரை நிறுத்தி, பலகைக்கு அருகே தரையில் ஒரு மைக் வையுங்கள். அரங்கில் பால்கனி இருந்தால் அங்கே கைதட்டு மட்டும். ஒரே தாளத்தில் நூறு பேர் மிதிப்பது பால்கனிக்கு நல்லதில்லை.

1977இல் இந்தப் பாட்டைப் பதிந்த விதம் ஒரு பாடம். லண்டனின் வெசெக்ஸ் ஸ்டுடியோவில் பலகைகளை மிதித்துப் பதிந்தார்கள். டிரம் செட் கிடையாது. பாட்டை எழுதிய மே, பிற்பாடு வானியற்பியலில் முனைவர் பட்டமே வாங்கியவர். சிறு கூட்டத்தைப் பெருங்கூட்டமாக்க மிதியைப் பலமுறை தாமதப்படுத்திச் சேர்த்தார். அந்தத் தாமதங்களைப் பகா எண் விகிதத்தில் தேர்ந்தெடுத்தார். வீட்டில் செய்து பாருங்கள். ஒரே மிதிப் பதிவை 20, 40, 60, 80 மில்லிநொடி தள்ளி ஒட்டினால் குழாய்க்குள் தட்டியதுபோல ‘பொய்ங்’ என்று ஒரு சுருதி கேட்கும், ஏனென்றால் சமமான இடைவெளி தானே ஒரு ஸ்வரமாகிவிடுகிறது. அதையே 17, 29, 41, 59, 83 என்று ஒட்டுங்கள். சுருதி மறைந்து கூட்டம் வந்துவிடும். ஒவ்வொரு அடுக்கையும் முந்தியதைவிட 2, 3 டெசிபெல் குறையுங்கள். எதிரொலி விளைவு எதுவும் போடாதீர்கள்.

ஃப்ரெடி பிடித்திருக்கும் அந்த அரை மைக் ஸ்டாண்டு எங்கே கிடைக்கும்? கையில் பிடித்தால் மைக் வீறிடுகிறதே, ஸ்டாண்டாலா?

எங்கும் வாங்க வேண்டாம். ஆரம்ப காலக் கச்சேரி ஒன்றில் கனமான அடித்தட்டு கொண்ட ஸ்டாண்டு நடுவில் முறிந்து மேல்பாதி கையில் வந்துவிட, ஃப்ரெடி அதையே வைத்துக்கொண்டார். நேரான ஸ்டாண்டின் மேல் குழாயை மட்டும் கழற்றினால் அதுதான். வெட்டிய முனையை அரத்தால் உரசி ரப்பர் மூடி போடுங்கள். வேகமாகச் சுழற்றும்போது உள்ளங்கையைக் கிழிப்பது அந்த முனைதான். வயர் மைக் என்றால் வயரைக் குழாயின் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் டேப்பால் ஒட்டி, கீழே ஒரு முழம் தளர்வாக விட வேண்டும். இல்லாவிட்டால் நாலாவது சுழற்சியில் பிளக் பிடுங்கிக்கொள்ளும்.

வீறிடுவதற்கு வேறு காரணம். கிட்டே பிடித்துப் பாடும் ஆர்வத்தில் மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்துவார்கள். பின்பக்க ஒலியை ஒதுக்கும் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கும். எதிரே பாடகரைப் பார்த்து வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் இருந்தால் உடனே ‘கூ’ என்று கத்தும். ஸ்டாண்டு குழாயைப் பிடிப்பதில் உள்ள நன்மையே கை மைக் தலைக்குப் போகாது என்பதுதான். குழாயைத் தொடைக்குக் கீழே சாய்க்கும்போது மைக் நேராக மானிட்டரைப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீசை அவசியமா?

1980இல்தான் வைத்தார். அமெரிக்க ரசிகர்கள் மேடையில் ரேசர் வீசினார்கள். எழுபதுகளின் பாட்டுக்கு மீசை இல்லாமலே போகலாம்.

பிரையன் மே கிடாரை நாணயத்தால் வாசிப்பார் என்கிறார்களே. செய்து பார்த்தேன், கம்பி அறுந்தது.

அவர் பயன்படுத்தியது பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயம். செம்பும் நிக்கலும் கலந்தது என்பதால் எஃகுக் கம்பியைவிட மென்மையானது, விளிம்பில் நுண்ணிய வரிகள் உண்டு. நீங்கள் எஃகு நாணயத்தை எடுத்திருப்பீர்கள். விளிம்பு மழுங்கிய, வரியுள்ள செம்பு நிக்கல் நாணயமாகத் தேடுங்கள். காகிதத்தைப் பிடிப்பதுபோல லேசாகப் பிடியுங்கள். நாணயம் கம்பிக்கு இணையாகப் போனால் ஒலி வழுக்கும், சற்றுத் திருப்பினால் வரிகள் உரசி ‘க்ர்’ என்று பேச்சின் மெய்யெழுத்துபோல ஒரு தொடக்கம் வரும். அந்தத் தொடக்கம்தான் மே. கம்பிகளும் மெலிதாக, 9 முதல் 42 வரையுள்ள செட்டாக இருக்கட்டும்.

மீதி ஒலி ஆம்பிளிஃபயரில் இருக்கிறது. தந்தையோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரத்தில் செய்த கிடார், மேல் ஒலியைத் தூக்கும் ட்ரெபிள் பூஸ்டர் வழியாக வாக்ஸ் ஏசி30 ஆம்பிளிஃபயருக்குப் போகும், அது உச்சத்தில் இருக்கும். பூஸ்டர் அடி ஒலியை வெட்டிவிட்டு அனுப்புவதால் எவ்வளவு முறுக்கினாலும் சகதியாவதில்லை. சுத்தமான ஒலிக்குப் பெடலை மிதிக்க மாட்டார், கிடாரில் இருக்கும் வால்யூமைக் குறைப்பார். சாதாரண டிஸ்டார்ஷன் பெடல் மட்டும் இருந்தால் அதற்கு முன்னால் ஈக்வலைசர் ஒன்று வைத்து 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நன்றாகக் குறையுங்கள். பாதி தூரம் வந்துவிடும்.

ஆறு மாதம்தான் கிடார் கற்றேன். எனக்கும் ஒரு பாட்டு வேண்டும்.

‘கிரேசி லிட்டில் திங் கால்டு லவ்’. 1979இல் ம்யூனிக் ஹோட்டல் ஒன்றின் குளியல் தொட்டியில் இருந்தபோது ஃப்ரெடிக்குத் தோன்றிய மெட்டு. அவருக்கே கிடாரில் சில பிடிகள்தான் தெரியும், அதனால் உங்கள் கை போகாத இடத்துக்கு அவர் கையும் போகவில்லை. டி, ஜி, சி என்று சுற்றும். பி ஃப்ளாட் வரும் இடத்தில் மட்டும் விரல் தடுமாறும். அதற்கு முந்தைய அடியிலேயே ஆள்காட்டி விரலைத் தூக்கிவிடுங்கள்.

அவர் இந்தியரா? எதை அறிவிப்பில் சொல்வது?

பெற்றோர் குஜராத் பூர்வீகமுள்ள பார்சிகள். பல்சாரா என்ற குடும்பப் பெயரே இன்றைய வல்சாடு ஊரிலிருந்து வந்தது. ஃபரோக் பல்சாராவாக 1946 செப்டம்பர் 5 அன்று கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில், செயின்ட் பீட்டர்ஸ் விடுதிப் பள்ளியில். பியானோ கற்றதும், ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற முதல் குழுவில் சேர்ந்ததும், ஃப்ரெடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அங்கேதான். 1964இல் சான்சிபாரில் புரட்சி வெடித்தபோது குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. இவ்வளவையும் நாலு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ‘நம்மவர்’ என்று கைதட்டல் வாங்குவது அறிவிப்பாளரின் விருப்பம். அவர் தன்னைப் பற்றி அப்படிப் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை.

மேடையில் எய்ட்ஸ் பற்றிப் பேச வேண்டுமா? சங்கடமாக இருக்காதா?

பேசாவிட்டால்தான் சங்கடம். 1987இல் தொற்று உறுதியானது. 1991 நவம்பர் 23 அன்று தனக்கு எய்ட்ஸ் என்று அறிக்கை விட்டார், மறுநாள் மாலை இறந்தார். காரணம் எய்ட்ஸால் வந்த நிமோனியா. எச்ஐவி ஒரு கிருமி. சிகிச்சை இல்லாமல் அது முற்றிய நிலையே எய்ட்ஸ். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். ‘கொடிய நோய்’, ‘தவறான வாழ்க்கை’ போன்ற சொற்களைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். உயிர் காக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல்தான் பரவலானது. ஐந்து வருடம் பிந்திவிட்டது. இன்று ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர் மூலம் உடலுறவில் தொற்று பரவுவதில்லை. இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகலாம்.

டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம், ஒரே வாரத்தில் வருகிறது. சிவப்பு ரிப்பனை வாசலில் தரலாம்: 15 செ.மீ. நீளம் வெட்டி, நடுவில் மடித்து, இரண்டு நுனியும் குறுக்கே கடக்கும் இடத்தில் ஊசி. நன்கொடைப் பெட்டி வைத்தால் பணம் எந்த அமைப்புக்குப் போகிறது என்று பெட்டி மேலேயே எழுதுங்கள். 1992 ஏப்ரல் 20 அன்று வெம்ப்ளி மைதானத்தில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியின் வருமானத்திலிருந்துதான் எய்ட்ஸுக்கு எதிரான மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை உருவானது.

அந்த வெம்ப்ளி நிகழ்ச்சியில் ஃப்ரெடி மாதிரியே யார் பாடினார்கள்?

யாருமே இல்லை, அதுதான் அழகு. ஜார்ஜ் மைக்கேல், டேவிட் போவி, ஆன்னி லெனாக்ஸ், எல்டன் ஜான், லைசா மினெல்லி என்று பாட்டுக்கு ஒருவராக வந்து அவரவர் குரலில் பாடினார்கள். உங்கள் ஐந்து பேரில் ஒருவரே எல்லாப் பாட்டையும் சுமக்க வேண்டாம்.

அனுமதி வாங்க வேண்டுமா? ஃப்ரெடியின் சமாதி எங்கே இருக்கிறது? படம் எடுத்துத் திரையில் காட்டலாம் என்று நினைத்தோம்.

மேடையில் வாசித்துப் பாடுவதற்குப் பாட்டை இயற்றியவர்களின் உரிமைச் சங்கத்திடம் உரிமம். பல இடங்களில் அரங்கமே வாங்கி வைத்திருக்கும், முதலில் அவர்களைக் கேளுங்கள். அசல் ஒலித்தட்டை ஓட்டினால் ஒலிப்பதிவு உரிமைக்குத் தனியாக. நிகழ்ச்சியைப் படமெடுத்து வெளியிடுவது மூன்றாவது உரிமை, மேடை உரிமம் அதற்குச் செல்லாது.

சமாதி இல்லை. பார்சிகளின் ஜொராஸ்ட்ரிய முறைப்படி சடங்கு நடந்து தகனம் ஆனது. சாம்பல் எங்கே என்று வெளியே சொல்லப்படவில்லை, அப்படியே இருக்கட்டும். படம் வேண்டுமானால் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோவில் ஏரியைப் பார்த்து, கையை உயர்த்தி நிற்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. கடைசியாக அவர் பாடிப் பதிந்த ஸ்டுடியோவும் அந்த ஊரில்தான்.

அப்பா வைத்திருந்த குவீன் கேசட்டை இடைவேளையில் போட ஆசை. போட்டால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல மங்கலாக இருக்கிறது.

முதலில் கேசட்டின் வாய்ப் பக்கம் நடுவில் ஒரு சிறு பஞ்சுத் துண்டு இருக்கிறதா பாருங்கள். டேப்பைத் தலையோடு அழுத்துவது அதுதான். பசை காய்ந்து விழுந்திருக்கும். வேறொரு பழைய கேசட்டிலிருந்து எடுத்து மாற்றலாம். அடுத்து, பிளேயரின் தலையையும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். தலைக்கு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். ரப்பருக்கு ஈரத் துணி போதும், ஆல்கஹால் ரப்பரை உலர்த்திவிடும். அதன் பிறகும் மங்கல் என்றால் தலையின் சாய்வு. தலைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு திருகு இருக்கும். பாட்டு ஓடும்போதே, சின்னத் திருப்புளியால் கால் சுற்றுக்கும் குறைவாக இருபுறமும் திருப்பிக் கேளுங்கள். சிம்பலின் ‘ஸ்ஸ்’ எங்கே பளிச்சென்று திறக்கிறதோ அதுதான் இடம். மோனோவில் கேட்டால் அந்த இடம் இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய இடத்தைத் திருகில் மையால் குறித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பதியும் முன் இரண்டு பக்கமும் ஒருமுறை முழுதாக ஓட்டிச் சுற்றுங்கள், வருடக்கணக்கில் ஒட்டியிருந்த சுற்றுகள் விடுபடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபெல். நிகழ்ச்சியில் அந்தக் கோப்பை ஓட்டுங்கள், கேசட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் நன்றியுரையா, மௌன அஞ்சலியா?

இரண்டும் இடைவேளைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். குவீன் கச்சேரிகள் முடிந்த முறை இது: கடைசிப் பாட்டின் ஒலி அடங்குவதற்குள், மே அமைத்த பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் கிடார் வடிவம் டேப்பில் ஒலிக்கும். 1986 சுற்றுப்பயணத்தில் ஃப்ரெடி கிரீடமும் அங்கியும் அணிந்து வந்து வணங்குவார். வெம்ப்ளி அஞ்சலியும் அதே டேப்போடுதான் முடிந்தது. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். பாடியவர்கள் எல்லோரும் மேடையில் நிற்கட்டும், நடுவில் அரை ஸ்டாண்டு மட்டும், மைக்கை மியூட்டில் போட்டு. டேப் நின்று மூன்று எண்ணும்வரை அரங்க விளக்கைப் போட வேண்டாம் என்று விளக்குக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் இருக்கும்.